வாடாத செடி சாட்சி அல்ல

நுவரெலியாவின் வீதியோரங்களிலும் பழைய பங்களாத் தோட்டங்களிலும் ஹைட்ரேஞ்சியா கொத்துக் கொத்தாக நீல நிறத்தில் பூக்கிறது. அதே செடியைச் சுண்ணாம்புத்தன்மை கொண்ட மண்ணில் நட்டால் பூ இளஞ்சிவப்பாகிவிடும். நிறத்தைத் தீர்மானிப்பது மண். அமில மண்ணில் கரைந்திருக்கும் அலுமினியத்தை வேர் உறிஞ்சுகிறது. அது பூவிதழ்வரை ஏறி அங்குள்ள நிறமியோடு சேரும்போது நீலம் பிறக்கிறது. ஆகவே மலைநாட்டு மண்ணில் கரைந்த உலோகம் இருக்கிறது என்பதை இந்தப் பூ எல்லோர் கண்ணுக்கும் காட்டிவிடுகிறது. எல்லாச் செடியும் இப்படிக் காட்டுவதில்லை. பக்கத்து மலையில் நிற்கும் தேயிலை, ஹைட்ரேஞ்சியாவை விடப் பல மடங்கு அலுமினியத்தை இலைக்குள் வைத்துக்கொண்டு பச்சைப்பசேல் என்று நிற்கிறது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்புறத்தில் போட்ட கீரைப் பாத்தி கட்மியம் என்ற நச்சு உலோகத்தை உள்ளே எடுத்திருந்தாலும் செழிப்பாகவே தெரியும். பயிர் பச்சையாக நிற்பதைப் பார்த்து மண் நலமாக இருக்கிறது என்றும், விளைந்தது உண்ணத் தக்கது என்றும் நாம் காலங்காலமாக முடிவு செய்துவருகிறோம். உலோகங்களைப் பொறுத்தவரை அந்த முடிவு தவறானது. ஏன் தவறு என்பதைச் செடியின் உடலுக்குள் நடப்பதைக் கொண்டே விளக்க முடியும். அந்த விளக்கம் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பகுதித் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது.

தொடக்கத்திலேயே ஒரு மறுப்பு எழலாம். அலுமினியம் பாரவுலோகம் இல்லையே, அதை ஏன் கட்மியத்தோடும் செம்போடும் சேர்த்துப் பேச வேண்டும்? மறுப்பு சரியானதுதான். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம்தான். கட்மியம் 8 கிராமுக்கு மேல், செம்பு கிட்டத்தட்ட 9 கிராம். ஆனால் வேருக்கு உலோகத்தின் எடை ஒரு பொருட்டில்லை. கரைந்த நிலையில் எவ்வளவு வருகிறது, எந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறது, உள்ளே போய் எதைப் பிடித்துக்கொள்கிறது என்பவையே வேருக்கு முக்கியம். அந்த வகையில் மலைநாட்டுப் பயிர்கள் சந்திக்கும் முதல் உலோக நெருக்கடி அலுமினியம்தான். பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 8 வீதம் அலுமினியம். களிமண்ணுக்குள் கட்டுண்டு கிடக்கும்வரை அதனால் ஒரு கேடும் இல்லை. மண் புளிக்கும்போதுதான் கட்டு அவிழ்கிறது. நூற்றாண்டுக் கணக்கான பருவமழை மலைச்சரிவுகளிலிருந்து கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியிருப்பது சிவப்பும் மஞ்சளுமான அமில மண். மண்ணின் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் பெறுமானம் 5க்குக் கீழே இறங்கினால் அலுமினியம் கரையத் தொடங்கும். அந்தப் பெறுமானம் ஓர் அலகு குறைந்தால் கரையும் அலுமினியம், கோட்பாட்டளவில், ஆயிரம் மடங்கு கூடும்.

கரைந்த அலுமினியம் முதலில் தாக்குவது வேரின் நுனியை. நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்துக்குள்தான் வேர் நீள்கிறது. அங்குள்ள உயிரணுச் சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பொருளை அலுமினியம் இறுகப் பற்றிக்கொள்ள, சுவர் நெகிழ்ச்சியை இழந்துவிடுகிறது. தாங்கும் திறன் இல்லாத பயிர்களில் வேர் வளர்ச்சி சில மணி நேரத்துக்குள் தடைப்படும். பிறகு வேர் தடித்து, பழுப்பாகி, கிளை விடாமல் நின்றுவிடும். ஆழத்திலுள்ள நீர் அதற்கு எட்டாது. மண்ணிலுள்ள பொசுபரசையும் அலுமினியமே பிடித்து வைத்துக்கொள்வதால், உரம் போட்டும் பயிர் பட்டினி கிடக்கும். மேலே நின்று பார்க்கும் விவசாயிக்கு இலை சிறுத்திருப்பதும் ஓரத்தில் ஊதா படர்வதும் மட்டுமே தெரியும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு கை உரத்தை அள்ளிப்போடுவார். நோய் வேரில் இருக்கிறது, மருந்து இலையைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. உலகில் பயிரிடத் தக்க நிலத்தில் ஏறத்தாழப் பாதி அமில மண் என்று மண்ணியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். எனவே இது நம் மலைகளுக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை.

இந்தத் தாக்குதலுக்குப் பயிர்கள் இருவிதமாக விடை சொல்கின்றன. முதலாவது, வாசலிலேயே தடுப்பது. அலுமினியத்தைத் தாங்கும் கோதுமை வகைகள் வேர்நுனியிலிருந்து மாலிக் அமிலத்தைக் கசியவிடுகின்றன. அது மண்ணிலேயே அலுமினியத்தைக் கட்டிப்போட்டு வேருக்குள் வராமல் காக்கிறது. அந்தக் கசிவை நடத்தும் மரபணுவை 2004இல் அடையாளம் கண்டார்கள். சோளம், பார்லி, சில போஞ்சி வகைகள் ஆகியவை எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தை இதே வேலைக்குப் பயன்படுத்துகின்றன. இரண்டாவது விடை, உள்ளே விட்டு அடைத்து வைப்பது. இதில் தேயிலையை மிஞ்சும் பயிர் அரிது. இ. எம். செனரி என்ற மண்ணியலாளர் 1955இல் தேயிலைக்கும் அலுமினியத்துக்கும் உள்ள உறவைத் தனியாக ஆராய்ந்து எழுதினார். 1976இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முற்றிய தேயிலை இலையை அளந்தபோது, காய்ந்த எடையில் ஒரு கிலோவுக்கு 30,000 மில்லிகிராம்வரை அலுமினியம் இருந்தது. அதாவது நூற்றுக்கு 3 பங்கு. ஒரு கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் சேர்த்தாலே ஒரு செடியை அலுமினியச் சேமிப்பாளர் என்று தாவரவியலாளர்கள் அழைக்கிறார்கள்.

இவ்வளவு உலோகத்தை வைத்துக்கொண்டு தேயிலை எப்படி வாழ்கிறது? அது உலோகத்தைத் தனியாக உலவ விடுவதில்லை. வேரில் ஒக்சாலிக் அமிலத்தோடும், மேலேறும் சாற்றில் சிட்ரிக் அமிலத்தோடும், இலையில் துவர்ப்பைத் தரும் கட்டெசின்களோடும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. கட்டிய மூட்டையை முற்றிய இலையின் மேற்தோல் உயிரணுச் சுவர்களில் ஒதுக்கிவைக்கிறது. உணவு தயாரிக்கும் உள் உயிரணுக்களை அது அண்டுவதில்லை. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. அலுமினியம் இல்லாத நீர்க்கரைசலில் தேயிலை வேர் வளர மறுத்ததையும், அலுமினியம் சேர்த்ததும் வளர்ந்ததையும் அது காட்டியது. பிற பயிரின் நஞ்சு தேயிலைக்குத் தேவையாகிவிட்டிருக்கிறது. இந்தக் குணம் மலைக்கும் புதிதில்லை. ஹோர்ட்டன் சமவெளிக் காடுகளில் உள்ள சிம்ப்ளோகஸ் இன மரங்களும், மலைச்சரிவுகளில் ஊதாப் பூப் பூக்கும் போவிட்டியாப் புதர்களும் அலுமினியத்தைச் சேமிப்பவையே. சிம்ப்ளோகஸ் மரத்தைச் சாயத் தொழிலில் படிகாரத்துக்குப் பதிலாக மலாய்த் தீவுகளில் பயன்படுத்தியதை 18ஆம் நூற்றாண்டில் அச்சான, ரம்ஃபியஸ் என்ற தாவரவியலாளரின் நூல் பதிந்திருக்கிறது. படிகாரம் அலுமினிய உப்பு. இலைக்குள் அலுமினியம் இருப்பதை விஞ்ஞானம் அளப்பதற்கு முன்பே சாயக்காரர்களின் கை அறிந்திருந்தது.

இங்கே ஒரு நியாயமான அச்சம் எழும். அப்படியானால் நாம் குடிக்கும் தேத்தண்ணி பாதுகாப்பானதா? இதற்குக் கணக்கே பதில் சொல்லட்டும். நாம் பறிப்பது கொழுந்தை, அதாவது இரண்டு இலையும் ஒரு மொட்டும். அலுமினியம் குவிவது முற்றிய இலையில். கொழுந்தில் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. அதிலும் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடுகிறது. வழக்கமான தேநீரில் ஒரு லீட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 6 மில்லிகிராம் அலுமினியம் இறங்குகிறது. நாளுக்கு 200 மில்லிலீட்டர் வீதம் நான்கு கோப்பை குடிப்பவர் வாரத்துக்கு 5.6 லீட்டர் குடிக்கிறார். மேல் எல்லையை வைத்துக் கணித்தாலும் 34 மில்லிகிராமுக்குள்தான் வரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2008இல் வகுத்த கடுமையான வரம்பின்படி, 50 கிலோ எடையுள்ளவருக்கு வாரத்துக்கு 50 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. குடிப்பதிலும் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவாகவே குடல் உறிஞ்சுகிறது. ஆகவே தேத்தண்ணிக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பை நமக்குத் தருவது கொழுந்து மட்டும் பறிக்கும் வழக்கம்தான். செடி தானாகக் கொடுத்த வரம் அது என்று எண்ணக்கூடாது. திபெத்திலும் உள் மங்கோலியாவிலும் முற்றிய இலைகளை அமுக்கிச் செய்யும் கட்டித் தேயிலையை அதிகம் குடித்தவர்களுக்குப் பல்லும் எலும்பும் கெடும் புளோரைட்டு நோய் வந்தது. புளோரைட்டையும் தேயிலை முற்றிய இலையில்தான் குவிக்கிறது. செடி ஒன்றுதான். எந்த இலையை எடுக்கிறோம் என்பதில் நலமும் கேடும் பிரிந்தன.

குடிப்பவருக்கு ஆபத்தில்லை என்று ஆனபின், தேயிலையின் பொறுமை நமக்கு நன்மைதானே என்று கேட்கலாம். மண்ணின் பக்கம் நின்று பார்த்தால் விடை வேறு. முற்றிய இலை உதிர்ந்து செடியின் அடியிலேயே மக்குகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது இலையும் குச்சியுமாகப் பெருமளவு மலையில் விழுகிறது. ஆழத்திலிருந்து வேர் எடுத்த அலுமினியம் இப்படி மேல்மண்ணுக்கு வந்து சேர்கிறது. இதோடு நாம் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் மண்ணை மேலும் புளிக்கவைத்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து கணக்கிட்டால், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த மலைகள் ஒரே பயிரைச் சுமந்து நிற்கின்றன. தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தேயிலை மண்ணின் பிஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றும், கவ்வாத்தை ஒட்டி, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் போட வேண்டும் என்றும் சொல்லிவருகிறது. பிஎச் 4.5க்குக் கீழே போனாலும் தேயிலை உடனே சுருண்டு விழாது. பச்சையாகவே நிற்கும். அதனால்தான் பணம் நெருக்கும் ஆண்டுகளில் முதலில் கைவிடப்படுவது டொலமைட்டாக இருக்கிறது. வேறொரு பயிர் அங்கே நின்றிருந்தால் முதல் போகத்திலேயே முறையிட்டிருக்கும். தேயிலை முறையிடாததால் மண்ணின் சீரழிவு கண்ணில் படாமலே வளர்கிறது.

அந்த மறைவு வெளிப்படும் நாள், நிலம் கைமாறும் நாள். கைவிடப்பட்ட தேயிலை மலைகள் மரக்கறித் தோட்டமாக மாறுகின்றன. லயத்தைச் சுற்றியுள்ள துண்டு நிலங்களில் தொழிலாளர் குடும்பங்கள் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு, கீரை என்று போட்டு வருமானத்தோடு கறிக்கும் வழி தேடுகின்றன. நெடுங்காலம் சொந்தக் காணி இல்லாதிருந்த மக்களுக்கு 7 பேர்ச் நிலமும் தனி வீடும் என்ற திட்டம் வந்தபோது, அந்த 7 பேர்ச்சும் பழைய தேயிலை நிலமே. ஏறத்தாழ 177 சதுர மீட்டர். வீடு போக மிஞ்சும் முற்றத்தில் முளைக்கும் கீரை அந்தக் குடும்பத்தின் சத்துணவு. தேயிலை சுமந்த அலுமினியத்தை இப்போது கரட்டும் பீட்ரூட்டும் சந்திக்கின்றன. உருளைக்கிழங்கு ஓரளவு தாங்கும். பீட்ரூட்டும் லீக்ஸும் தாங்கமாட்டா. வேர் நின்றுபோன பயிரைத் தூக்கிநிறுத்த மரக்கறி விவசாயிகள் பொசுபரசு உரத்தைத் தாராளமாகப் போடுகிறார்கள். நுவரெலியா மரக்கறி மண்ணில் பொசுபரசு தேவைக்கு மேல் தேங்கிக் கிடப்பது மண் பரிசோதனைகளில் நெடுநாளாகத் தெரிந்த உண்மை. அந்த உரத்தோடுதான் இரண்டாவது உலோகம் வருகிறது.

பொசுபேற்றுப் பாறையில் கட்மியம் இயல்பாகவே கலந்திருக்கிறது. கடலடிப் படிவுகளிலிருந்து எடுக்கும் பாறையில் கூடுதலாகவும், எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில் குறைவாகவும் இருக்கும். இலங்கையின் எப்பாவலப் பாறை இரண்டாம் வகை. அது மெதுவாகக் கரைவது. அமில மண்ணில் நெடுங்காலம் நிற்கும் தேயிலைக்கு அது போதும், ஆகவே தேயிலைக்கு அதைப் போடுகிறார்கள். மூன்று மாதத்தில் விளைந்து முடியும் மரக்கறிக்கு அது போதாது. அதற்கு இறக்குமதியாகும் டிரிபிள் சூப்பர் பொசுபேற்று வேண்டும். எனவே ஒரே மலையில், ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரு பயிர்கள் இரு வேறு உலோகக் கணக்கை எழுதிவருகின்றன. தீவிரமாகப் பயிரிடப்படும் மலைநாட்டு மரக்கறி மண்களில் கட்மியம் கூடிவருவதை இலங்கை மண்ணியலாளர்களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு மூட்டையில் வருவது மிகச் சிறிய அளவுதான். ஆனால் கட்மியம் மக்குவதில்லை, ஆவியாவதில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று போகமாக வந்தது வந்தபடி மேல்மண்ணில் தங்கும்.

செடி இதை ஏன் தடுக்கவில்லை? கட்மியத்துக்கென்று செடியில் தனி வாசல் கிடையாது. துத்தநாகம், இரும்பு, மங்கனீசு ஆகிய மூன்றும் செடிக்கு வேண்டியவை. அவற்றை உள்ளே எடுக்கும் புரதங்கள் கட்மியத்தையும் இனம் தெரியாமல் எடுத்துவிடுகின்றன. நெல்லில் மங்கனீசை எடுக்கும் புரதமே கட்மியத்தின் முதன்மை வாசல் என்பதை 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். உள்ளே வந்ததும் செடி தன்னைக் காத்துக்கொள்கிறது. 1985இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் கண்டறிந்த ஃபைட்டோகெலட்டின் என்ற சிறு புரதத் துண்டுகளை அது உடனே உற்பத்தி செய்கிறது. கந்தகம் செறிந்த அவை கட்மியத்தைக் கவ்விப் பிடிக்கின்றன. பிடிபட்ட கட்மியத்தை உயிரணுவின் நடுவிலுள்ள நீர்ப்பைக்குள் போட்டு அடைத்துவிட்டுச் செடி தன் வேலையைத் தொடர்கிறது. இது உயிரின் அருமையான தந்திரம். ஆனால் அந்த நீர்ப்பை இருப்பது நாம் உண்ணும் இலையில். செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை, உண்பவரைக் காப்பதில்லை. பல வேளைகளில் அது உண்பவரிடம் நஞ்சைச் சேர்ப்பிக்கும் முறையாகவே முடிகிறது.

ஆனால் செடிகள் எப்போதும் மௌனம் காப்பதில்லை என்றும் சிலர் சொல்வார்கள். செம்பை உதாரணம் காட்டுவார்கள். அந்த உதாரணம் நியாயமானது. 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையில் பரவியது முதல், மழையும் பனிமூட்டமுமான மாதங்களில் செம்பு கலந்த மருந்தடிப்பது மலைநாட்டில் வழக்கமாயிற்று. செம்பு கொஞ்சமாகத் தேயிலைக்கு வேண்டும். கொழுந்தைக் கறுப்புத் தேயிலையாக மாற்றும் நொதியமே செம்பைக் கொண்டது. அது இல்லாவிட்டால் நிறமும் மணமும் கிடையாது. துத்தநாகமும் அப்படியே. துத்தநாக சல்பேற்றை இலையில் தெளிப்பது மலைநாட்டில் பழக்கமான வேலை. இவை இரண்டும் அளவு மீறினால் வேர் கருகும், இலை மஞ்சளாகும், விளைச்சல் விழும். மனிதருக்குக் கேடு தரும் அளவு இலையில் சேர்வதற்கு முன்பே பயிர் செத்துவிடும். ஆக, செம்பிலும் துத்தநாகத்திலும் செடி நல்ல காவலாளி. ஈயம் பெரும்பாலும் மண்ணிலும் வேரிலுமே ஒட்டிக்கொண்டு மேலே ஏறுவதில்லை. இந்தப் பாதுகாப்பை அமெரிக்க மண்ணியலாளர் ரூஃபஸ் சேனி 1980இல் மண்–செடித் தடுப்பு என்று விளக்கினார். அந்தத் தடுப்பைத் தாண்டிப் போகும் உலோகமாக அவர் சுட்டியது கட்மியத்தை. பயிருக்கு ஒரு குறையும் தெரியாத அளவிலேயே அது மனிதருக்கு வரம்பு மீறிவிடும். சர்வதேச உணவுத் தரம் இலைக்கறியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், கிழங்கிலும் வேர்க்கறியிலும் 0.1 மில்லிகிராம் கட்மியத்தையே அனுமதிக்கிறது. அதைப்போல் பல மடங்கு ஏறினாலும் கீரை வாடாது. செம்பைக் கொண்டு கற்ற பாடத்தைக் கட்மியத்துக்குப் பொருத்துவதுதான் நம் தவறு.

கட்மியம் உடலில் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் தொயாமா மாவட்டம் சாட்சி. ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்தது. அந்த நீரில் விளைந்த அரிசியை உண்டவர்களின் சிறுநீரகம் கெட்டு, எலும்பு நொறுங்கியது. நோயாளிகளில் பெரும்பாலோர் நடுவயது தாண்டிய பெண்கள். 1968இல் ஜப்பானிய அரசு காரணத்தை ஏற்றுக்கொண்டது. வயல் மண்ணைத் திருத்தும் வேலை 1979இல் தொடங்கி 2012இல்தான் முடிந்தது. நுவரெலியா அந்த நிலையில் இல்லை. சுரங்கக் கழிவும் உர எச்சமும் அளவில் மலையும் மடுவும். ஆனால் சேர்ந்ததை எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த 33 ஆண்டுகள் சொல்கின்றன. மனித உடலிலும் அப்படியே. சிறுநீரகத்தில் சேரும் கட்மியம் பாதியாகக் குறையப் 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். இன்னொன்றும் நம் மக்களுக்கு முக்கியமானது. மனிதக் குடலிலும் இரும்பின் வாசல் வழியாகவே கட்மியம் நுழைகிறது. இரும்புச்சத்துக் குறைந்த உடல் அந்த வாசலை அகலத் திறந்து வைக்கும். இரத்தச்சோகை பரவலாக உள்ள தோட்டப் பெண்கள், ஒரே கீரையை உண்டாலும் மற்றவரைவிடக் கூடுதலாகக் கட்மியத்தை உறிஞ்சக்கூடும். சோற்றோடு சேர்த்துக் குடிக்கும் சாயத் தேத்தண்ணி இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலே இரும்பு கூடும்.

இதை அச்சமூட்டும் பேச்சு என்று சொல்வோர் இருக்கலாம். வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய்க்கு மலைநாட்டு உரத்தையும் மகாவலி நீரையும் காரணம் காட்டிய விவாதம் நினைவுக்கு வரும். 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு கட்மியத்தைச் சுட்டியது. பின்வந்த ஆய்வுகள் பல அதை ஏற்கவில்லை. அந்த நோயின் காரணம் இன்றும் தீர்க்கப்படாத வழக்கு. இங்கே சொல்லும் வாதம் அந்த வழக்கை நம்பி நிற்கவில்லை. செடி தன் உடலில் உலோகத்தை எப்படிக் கையாள்கிறது என்ற நிறுவப்பட்ட அறிவை மட்டுமே நம்பி நிற்கிறது. இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினால் தீர்ந்ததே என்பது இன்னொரு குரல். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, நவம்பரில் கைவிடப்பட்டது. அவ்வாண்டு 30 கோடி கிலோ அளவில் இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடி கிலோவாக விழுந்தது. அந்த நட்டத்தில் பெரும் பங்கு தொழிலாளியின் வயிற்றில் விழுந்தது. சேதன உரம் என்பதாலேயே உலோகம் இல்லாமலும் போவதில்லை. கோழித் தீவனத்தில் சேர்க்கும் செம்பும் துத்தநாகமும் கோழி எருவில் வரும். நகரக் குப்பையில் செய்த கூட்டெருவில் வேறு உலோகங்களும் வரலாம். எந்தப் பெயரில் வந்த உரமாக இருந்தாலும், அதில் என்ன இருக்கிறது, அது சேரும் மண்ணில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் தீர்வு இல்லை.

அளப்பதற்கு ஏழைக் குடும்பத்திடம் ஏது பணம் என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. இதற்கு மண்ணின் வேதியியலே ஓர் ஆறுதலைத் தருகிறது. அலுமினியத்தைக் கரைப்பதும், கட்மியத்தைச் செடிக்கு எட்டும்படி விடுவிப்பதும் ஒரே பொருள், மண்ணின் புளிப்பு. மரக்கறிப் பாத்தியின் பிஎச் பெறுமானத்தை 6ஐ ஒட்டி உயர்த்தினால் அலுமினியம் மீண்டும் கட்டுண்டுவிடும், கட்மியமும் பெருமளவு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு வேண்டியது டொலமைட்டும் நன்கு மக்கிய எருவும். அடுப்புச் சாம்பலும் ஓரளவு உதவும். பிஎச் அளப்பது மண் பரிசோதனைகளிலேயே மிக எளியது, மலிவானது. கட்மியத்தை அளக்கும் செலவு கூடிய சோதனையை ஒவ்வொரு வீடும் செய்ய வேண்டியதில்லை. தோட்டத்துக்கு ஓரிடத்தில் அரசு நிறுவனங்கள் செய்தால் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். மரக்கறிக்கு நல்லதான அந்தப் பிஎச் தேயிலைக்கு ஆகாது. தேயிலை மலைக்கு ஓர் அளவு, மரக்கறிப் பாத்திக்கு வேறு அளவு. இரண்டுக்கும் ஒரே கையால் அள்ளிப்போட்டால் இரண்டும் கெடும்.

ஆகவே வேண்டுகோள் இரண்டு பக்கம் செல்கிறது. தேயிலை நிலத்தைப் பிரித்து வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கொடுக்கும் அரசும் தோட்ட நிர்வாகங்களும், காணியின் அளவைக் காட்டும் படத்தோடு அந்த மண்ணின் பரிசோதனைத் தாளையும் கொடுக்க வேண்டும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும், சீதா எலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் மலைநாட்டிலேயே இருக்கின்றன. அந்த அறிவு தமிழில், லயத்து வாசல்வரை வர வேண்டும். இறக்குமதியாகும் பொசுபேற்று மூட்டையில் எவ்வளவு கட்மியம் இருக்கிறது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடச் சட்டம் வேண்டும். பாத்தி போடும் குடும்பங்களுக்குச் சொல்வது சுருக்கமானது. பழைய தேயிலை நிலத்தில் விதை தூவுவதற்கு முன் ஒரு பிடி மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், டொலமைட் போடுங்கள், பொசுபரசு உரத்தை மண் கேட்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். கீரை பச்சையாக இருக்கிறதே என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். செடிக்குத் தன் உயிரைக் காக்கத் தெரியும். நம் பிள்ளைகளின் உடலைக் காப்பது நம் பொறுப்பு.